பின்வளவில் ஒரு செம்மஞ்சள் தக்காளிக்கு இடம் விடுங்கள்

ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் ஏஜாக்ஸிலும் வீட்டுப் பின்வளவில் மரக்கறித் தோட்டம் செய்யும் அம்மாமார், ஐயாமார், அக்காமார், அண்ணாமார் எல்லோருக்கும்,

வெளியே பனி இன்னும் கரையவில்லை. ஆனாலும் பயற்றை விதையை எங்கே வைத்தோம், கறிவேப்பிலைச் சாடியை எப்போது வெளியே எடுக்கலாம் என்ற யோசனை உங்களுக்கு இப்போதே தொடங்கியிருக்கும். அந்த யோசனைக்குள் நுழைந்து ஒன்று கேட்கத்தான் இந்த மடல். இந்த வருடம் தக்காளிப் பாத்தியில் இரண்டு கன்றுக்கு இடம் விடுங்கள். அந்த இடத்தில் இதய வடிவில் செம்மஞ்சளாகப் பழுக்கும் தக்காளியை நடுங்கள். பழம் தின்பதோடு நின்றுவிடாமல் அதன் விதையையும் எடுத்து வையுங்கள்.

எங்களுடைய தோட்டங்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. பயற்றங்காய், புடலங்காய், பாகற்காய் எல்லாவற்றுக்கும் விதை எங்கள் கையிலேயே இருக்கிறது. ஊரிலிருந்து யாரோ கொண்டுவந்தது, பக்கத்து வீட்டு அக்கா தந்தது, போன வருடம் பந்தலிலேயே முற்றவிட்டு எடுத்தது என்று ஒவ்வொரு விதைக்கும் ஒரு வரலாறு உண்டு. தக்காளிக்கு மட்டும் அது இல்லை. மே மாதம் வந்ததும் கடை வாசலில் அடுக்கியிருக்கும் கன்றுகளில் நாலைந்தைத் தூக்கிக்கொண்டு வருகிறோம். பெயரைக்கூடப் பார்ப்பதில்லை. அவற்றில் பல கலப்பினம். அவற்றின் விதையைப் போட்டால் பிள்ளை தாயைப்போல வராது. அடுத்த வசந்தத்தில் திரும்பவும் கடைக்குத்தான் போக வேண்டும். எந்த வீட்டுத் தோட்டத்திலும் தவறாமல் நிற்கிற செடி தக்காளி. அதற்கு எங்களிடம் சொந்த விதை இல்லை என்பது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

இதய வடிவத் தக்காளிகளை இங்கே ஒக்ஸ்ஹார்ட் என்பார்கள். சிவப்பிலும் இளஞ்சிவப்பிலும் மஞ்சளிலும் உண்டு. செம்மஞ்சளில் தேடினால் கிடைக்கக்கூடியவை ‘ஒரேஞ் ஸ்ட்ரோபெரி’, ‘வேர்னா ஒரேஞ்’ என்ற இரண்டும். முதலாவதின் பெயரைப் பார்த்துச் சின்னப் பழம் என்று நினைத்துவிட வேண்டாம். வடிவம் மட்டுமே ஸ்ட்ரோபெரி. பழம் ஒன்று கால் கிலோ வரும், மண் வாய்த்தால் அரைக் கிலோவையும் எட்டும். இரண்டுமே கலப்பினம் அல்ல. எடுத்த விதையை நட்டால் அதே பழம் காய்க்கும். நான் இவற்றைப் பிடித்துக்கொண்டதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் பழத்தை வெட்டும்போது தெரியும். சாதாரணத் தக்காளியைக் குறுக்கே வெட்டினால் அறை அறையாக நீரும் விதையும் இருக்கும். இதில் அந்த இடமெல்லாம் சதை. நடுவிலிருந்து ஓரம்வரை ஒரே செம்மஞ்சள். விதை அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒடுங்கிக் கிடக்கும். வெட்டிய துண்டைப் பலகையில் வைத்தால் சாறு ஓடாது. சில பழங்களின் மேற்பகுதியில், காம்புக்குக் கீழே, உட்சதையில் இலேசான சிவப்பு படர்ந்திருக்கும். வாயில் போட்டால் இனிப்பு முந்தும், புளிப்பு அதற்குப் பின்னால் மெல்ல வரும்.

அதனால் எல்லாச் சமையலுக்கும் இது பொருந்தும் என்று சொல்லமாட்டேன். இரசத்துக்கு உதவாது, அதற்குச் சிவப்புத் தக்காளியும் பழப்புளியும்தான் வேண்டும். ஆனால் சொதிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். சிவப்புப் பழம் கரைந்தால் சொதியின் மஞ்சள் நிறம் கலங்கிப் போகும். இது கரைந்தால் மஞ்சள் இன்னும் எடுப்பாக நிற்கும். சதை கெட்டியானதால் தேங்காய்ப்பால் நீர்த்தும் போகாது. அடுப்பால் இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடும்போது வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட விடுங்கள். வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டுப் பச்சையாகச் சம்பல் செய்தால் மதியச் சோற்றோடு வேறு கறி தேவையில்லை என்று தோன்றும்.

இனி வளர்க்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

விதை ஓகஸ்ட் கடைசியில் பழமாகத் தெரிய வேண்டுமானால் மார்ச் கடைசியில், பிந்தினால் ஏப்ரல் முதல் வாரத்தில், வீட்டுக்குள்ளே போட வேண்டும். நிலத்தில் நட்ட நாளிலிருந்து முதற்பழத்துக்கு இந்த வகை 80 முதல் 90 நாள் எடுக்கும். செர்ரித் தக்காளி வைத்துப் பழகியவர்களுக்கு இது நீண்ட காத்திருப்பாக இருக்கும். ஒக்ரோபரில் உறைபனி வந்துவிடும் ஊரில் நாங்கள் இருக்கிறோம். அதனால் விதை போடுவதில் இரண்டு வாரம் பிந்தினால் பாதிப் பழம் பச்சையாகவே கையில் நிற்கும். விதை முளைக்க 21 முதல் 27 பாகை வெப்பம் போதும். முளைத்தபிறகு வெப்பத்தைவிட வெளிச்சம்தான் முக்கியம். ஜன்னலோரத்தில் மட்டும் வைத்தால் கன்று நெடுத்து ஒல்லியாகிவிடும். ஒரு சாதாரண எல்.ஈ.டி. விளக்கைக் கன்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள்.

வெளியே நடுவதற்கு விக்டோரியா தினத்தைக் கணக்கு வைப்பது இந்த ஊர்ப் பழைய தோட்டக்காரர்களின் வழக்கம். மே 25க்கு முந்திய திங்கட்கிழமை அது. நல்ல கணக்குத்தான். ஏப்ரலில் நாலு நாள் வெயில் எறித்ததும் கன்றைக் கொண்டுபோய் ஊன்றிவிடாதீர்கள். நடுவதற்கு முன் ஒரு கிழமையாவது பகலில் வெளியே வைத்து இரவில் உள்ளே எடுத்துப் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில், பிறகு காலை வெயிலில், பிறகுதான் முழு வெயிலில். நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்டின் பாதியை மண்ணுக்குள் புதையுங்கள். புதைந்த தண்டெல்லாம் வேர்விடும். இரண்டு கன்றுக்கு இடையில் முக்கால் மீற்றராவது விடுங்கள். எங்கள் வளவுகளில் பலவற்றில் மேல்மண்ணை ஒரு சாண் தோண்டினாலே களிமண் தட்டுப்படும். அங்கே பாத்தியை உயர்த்திக் கூட்டெருவை நிறையச் சேருங்கள். பசளையில் நைதரசன் கூடினால் செடி இலையாகவே பொங்கும், பூ பிந்தும்.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாக வாசியுங்கள். இந்தச் செடியைப் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

இதய வடிவத் தக்காளிச் செடியின் இலை மற்றத் தக்காளிகளின் இலைபோல் விறைத்து நிற்காது. மெல்லியதாக, ஒடுங்கியதாக, நுனி கீழே தொங்கியபடி இருக்கும். தண்டும் மெலிவு. யூன் மாதத்தில், பக்கத்துப் பாத்தியில் கடைக் கன்று தடித்துக் கரும்பச்சையாக நிற்க, இது மட்டும் வாடி விழப்போவதுபோல் தெரியும். பார்த்ததும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து ஊற்றுவோம். மாலையிலும் அப்படியே தொங்கும், மறுபடி ஊற்றுவோம். களிமண்ணில் வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். அப்போது உண்மையாகவே வாடும். அதையும் தண்ணீர்க் குறை என்று எண்ணினால் செடி போய்விடும். சிலர் ஏதோ நோய் பிடித்துவிட்டது, மற்றதுக்கும் தொற்றும் என்று பிடுங்கியே எறிந்துவிடுகிறார்கள். எத்தனையோ நல்ல செடிகள் இப்படி வீணாய்ப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொங்கல் இந்த இனத்தின் பிறவிக் குணம். அது நோயும் அல்ல, தாகமும் அல்ல.

பிறகு உண்மையான வாட்டத்தை எப்படிப் பிரித்தறிவது? காலையில் பாருங்கள். பிறவித் தொங்கலாக இருந்தால் இலை தொங்கினாலும் தொட்டால் குளிர்ச்சியாக, உயிரோடு இருக்கும். குருத்து நிமிர்ந்து மேலே பார்க்கும். தாகமாக இருந்தால் குருத்தும் சேர்ந்து தலைகுனியும், இலை துணிபோல் துவண்டு கிடக்கும். மண்ணுக்குள் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்ற வேண்டாம். ஈரம் இருந்தும் குருத்தோடு சேர்ந்து வாடுகிறதென்றால் வேறு காரணம் தேட வேண்டும். அந்த வேளையில் வேலிக்கு அப்பால் பாருங்கள். அயலில் கறுப்பு வால்நட் மரம் நின்றால் அதன் வேர் விடும் நஞ்சு தக்காளியைக் கொன்றுவிடும். அந்த மரத்தின் வேர் படரும் இடத்தில் எந்தத் தக்காளியும் வைக்காதீர்கள்; பெரிய தொட்டியில் வேறு மண் நிரப்பி, மரத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

இலை மெலிவாக இருப்பதால் இன்னொரு விளைவும் உண்டு. பழத்துக்கு நிழல் குறைவு. யூலை வெயில் நேரே பட்டால் பழத்தின் தோளில் வெண்மஞ்சளாக ஒரு தழும்பு விழுந்து தோல் காகிதம்போல் ஆகிவிடும். ஆகவே பக்கக் குருத்தை முழுக்கக் கிள்ளி ஒற்றைத் தண்டாக விடும் பழக்கத்தை இந்தச் செடியில் செய்யாதீர்கள். முதற்பூங்கொத்துக்குக் கீழே வருவதைக் கிள்ளுங்கள். அதற்கு மேலே ஒன்றிரண்டை வளரவிடுங்கள். மண்ணைத் தொடுகிற இலைகளை மட்டும் கட்டாயம் எடுத்துவிட்டு, வைக்கோலால் மூடாக்குப் போடுங்கள். மழைத்துளி மண்ணில் பட்டுத் தெறிப்பதால்தான் ஒன்ராறியோவில் இலைப்புள்ளி நோய் கீழிருந்து மேலேறுகிறது. நீர் விடும்போது இலையில் படாமல் அடியில் விடுங்கள். நாளாந்தம் தெளிப்பதைவிட, கிழமைக்கு இரண்டு தரம் ஆழமாக ஊறும்படி விடுவது நல்லது.

ஊன்றுகோல் வலுவாக இருக்கட்டும். கடையில் விற்கும் கூம்புக் கம்பிக்கூடு இதைத் தாங்காது. செடி ஆறடியைத் தாண்டும், அரைக் கிலோப் பழம் கொத்தில் தொங்கும். ஏழடித் தடி ஊன்றி, பழைய சாரத்தைக் கிழித்த நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். கயிறு இந்த மெல்லிய தண்டை அறுத்துவிடும்.

பூ உதிர்கிறது என்று யூலையில் எல்லோரும் முறைப்பாடு சொல்வார்கள். பகல் 32 பாகைக்கு மேலே போனாலோ, இரவும் சூடு தணியாமல் புழுங்கினாலோ மகரந்தம் கெட்டுப் பூ காயாகாமல் விழும். அதற்கு மருந்து இல்லை. காற்றுக் குளிர்ந்தால் தானாகக் காய் பிடிக்கும். ஆனால் ஒன்று செய்யலாம். வெயில் ஏறிய காலை வேளையில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். தக்காளிப் பூ அதிர்ந்தால்தான் மகரந்தம் கொட்டும். அந்த அதிர்வைக் கொடுக்கத் தெரிந்தது இங்குள்ள பெரிய பம்பிள் வண்டு. தேனீக்கு அது முடியாது. முதலில் விரியும் பூ சில வேளை இரண்டு மூன்று ஒன்றாய் ஒட்டியதுபோல் அகலமாக வரும். அதை விட்டால் கோணல்மாணலான, வெடிப்பும் தழும்புமான பழம்தான் கிடைக்கும். கிள்ளிவிட்டால் அந்தச் சத்து அடுத்த காய்க்குப் போகும்.

பழத்தின் கூர்நுனி கறுத்து உள்வாங்கினால் பூச்சி என்று மருந்து அடிக்காதீர்கள். அது சுண்ணச்சத்து பழத்தின் நுனிவரை போய்ச் சேராத குறை. மண்ணில் சுண்ணம் இருந்தாலும் அதைச் சுமந்து செல்வது தண்ணீர்தான். ஒரு நாள் வெள்ளம், நாலு நாள் வறட்சி என்று விட்டால் அது நுனிக்குப் போய்ச் சேராது. நீண்டு கூர்த்த வடிவப் பழங்களில் இது கூடுதலாக வரும். முட்டைக்கோதை நொருக்கிப் போடும் வழக்கம் எங்கள் எல்லோரிடமும் உண்டு. அது மண்ணில் கரைந்து பயன் தர வருடக்கணக்காகும், இந்தக் கோடைக்கு உதவாது. ஒழுங்கான நீரும் மூடாக்கும்தான் உதவும்.

மூத்தவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். சிவக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். இது சிவக்காது. பச்சை வெளிறி, நுனியிலிருந்து மஞ்சள் ஏறி, தோள்வரை செம்மஞ்சளானால் பழுத்துவிட்டது. பெருவிரலால் மெல்ல அழுத்தினால் இலேசாக இணங்கும். இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்று விட்டால் கொடியிலேயே குழைந்துவிடும். அணிலும் ரக்கூனும் அந்த இரண்டு நாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. நிறம் மாறத் தொடங்கியதும் பறித்துச் சமையலறை மேசையில் வைத்தாலும் ருசி குறையாது. குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் பழுக்காததை வைக்க வேண்டாம்.

இந்த நிறத்தின் பின்னால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. செம்மஞ்சள் தக்காளிகள் எல்லாம் ஒரே காரணத்தால் அந்த நிறம் பெறுவதில்லை. சிலவற்றில் பீற்றா கரோட்டின் கூடுதலாக இருக்கும். வேறு சிலவற்றில் ‘ராஞ்சரின்’ எனப்படும் மரபணுத் திரிபால், சிவப்புத் தக்காளியில் நேராக இருக்கும் லைகோபீன் மூலக்கூறு வளைந்த வடிவிலேயே தங்கிவிடும். ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ராஞ்சரின் வகைத் தக்காளிச் சாற்றிலிருந்து உடம்பு எடுத்துக்கொண்ட லைகோபீன், சிவப்புத் தக்காளிச் சாற்றைவிட எட்டரை மடங்கு அதிகமாக இருந்தது. ஆய்வில் பங்கெடுத்தவர்கள் பதினொரு பேர் மட்டுமே; ஆகவே இதை மருந்து என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் லைகோபீன் உடம்பில் சேர எண்ணெயோ கொழுப்போ வேண்டும் என்பது தெரிந்த விஷயம். தேங்காய்ப்பாலில் தக்காளி போட்டுச் சமைக்கிற எங்களுக்கு அதைப் புதிதாகப் படிக்கத் தேவையில்லை.

போத்தலில் அடைத்து வைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வாயில் புளிப்புக் குறைவாகத் தெரிந்தாலும் கூடத் தெரிந்தாலும் சரி, எந்தத் தக்காளியை அடைத்தாலும் கடையில் விற்கும் போத்தல் எலுமிச்சைச் சாற்றைச் சேர்க்க வேண்டும்: அரை லீற்றர்ப் போத்தலுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு லீற்றருக்கு இரண்டு. அது வில்லங்கம் என்று தோன்றினால் துண்டாக்கி உறைபெட்டியில் போடுங்கள். நீர் குறைந்த சதையானதால் இளகியபிறகும் குழம்புக்குக் கெட்டியாகவே இருக்கும்.

கடைசியாக விதை. முதலில் நான் கேட்ட விஷயம் இதுதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

தக்காளிப் பூ பெரும்பாலும் தன்னைத் தானே சூல்கொள்ளும். அதனால் பூசணியைப்போல் அயலோடு கலந்துவிடும் பயம் குறைவு. ஆனாலும் வண்டு நிறைய வரும் வளவில் சில பூக்கள் கலக்கலாம். அதைத் தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. கலியாண வீட்டிலும் சாமத்தியவீட்டிலும் பரிசுப்பொருள் போட்டுத் தருகிற மெல்லிய வலைப்பைகள் எல்லோர் வீட்டு இலாச்சியிலும் கிடக்கும். பூ விரியுமுன் ஒரு கொத்தை அதற்குள் விட்டு வாயைத் தளர்வாகக் கட்டுங்கள். தினமும் ஒரு தரம் சுண்டிவிடுங்கள். காய் பிடித்ததும் பையைக் கழற்றிவிட்டு, அந்தக் காம்பில் ஒரு நிற நூலைக் கட்டுங்கள். அது விதைக்கான பழம், யாரும் பறிக்கக்கூடாது.

எந்தப் பழத்தைத் தெரிவது என்பதில்தான் கண் வேண்டும். பெரிய பழத்தை மட்டும் பார்க்காதீர்கள், செடியைப் பாருங்கள். நோய் குறைந்து, நிறையக் காய்த்து, வடிவம் பிசகாத செடியின் இரண்டாம் மூன்றாம் கொத்துப் பழம் நல்லது. இந்த வகையில் விதை குறைவு; ஒன்றுக்கு மூன்று நாலு பழம் ஒதுக்குங்கள். நன்றாகக் கனியவிட்டு, வெட்டி, விதையையும் அதைச் சுற்றிய வழுவழுப்பையும் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் வழியுங்கள். கொஞ்சம் தண்ணீர் விட்டு, துணியால் மூடி, இரண்டு மூன்று நாள் ஒரு மூலையில் வையுங்கள். புளித்த மணம் வரும், மேலே வெள்ளையாய்ப் பூஞ்சணம் படியும். அருவருக்க வேண்டாம், விதை முளைப்பதைத் தடுக்கிற வழுவழுப்பை அதுதான் தின்று கழற்றுகிறது. பிறகு நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் நல்ல விதை அடியில் தங்கும், பதர் மிதக்கும். பதரை வார்த்துவிட்டு, வடியில் கழுவி, ஒரு பீங்கான் தட்டில் பரப்பிக் காற்றில் காயவிடுங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். வெதுப்பியில் காயவைக்கவே கூடாது. நன்றாகக் காய்ந்ததும் கடிதஉறையில் போட்டு, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் நாலைந்து வருடம் முளைக்கும்.

முதல் விதையை எங்கே எடுப்பது என்று கேட்பீர்கள். கனடாவில் 1984 முதல் ‘சீட்ஸ் ஒவ் டைவர்சிற்றி’ என்ற அமைப்பு மரபு விதைகளைக் காத்து உறுப்பினர்களிடையே பரிமாறி வருகிறது. 1990இல் வன்கூவரில் தொடங்கிய ‘சீடி சற்றர்டே’ விதைச் சந்தை இப்போது குளிர்காலம் முடிகிற வேளையில் நாடெங்கும் பல ஊர்களில் நடக்கிறது, ரொறன்ரோவிலும் நடக்கும். அங்கே போய்க் கேளுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகாமல் உங்கள் பயற்றை விதையிலும் புடோல் விதையிலும் கொஞ்சம் எடுத்துச் செல்லுங்கள். இந்தக் குளிரில் வருடக்கணக்காகக் காய்த்துப் பழகிய விதை அவை, கேட்டு வாங்குவார்கள்.

இலையுதிர் காலத்தில் நீங்கள் எடுத்த தக்காளி விதையை மூன்று உறைகளாகப் பிரியுங்கள். ஒன்று உங்களுக்கு. மற்ற இரண்டும் வேறு இரண்டு வீட்டுக்கு. ஒரு வீட்டில் அழிந்தாலும் மற்ற வீட்டில் இருக்கும். உறையின் மேலே இனத்தின் பெயர், எடுத்த வருடம், எந்த ஊர் வளவு என்ற மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும். அதன் கீழே இன்னொரு வரியையும் மறக்காமல் எழுதிவிடுங்கள்: இலை தொங்கும், பயப்பட வேண்டாம், தண்ணீர் கூட்ட வேண்டாம்.

அன்புடன்,
உங்களைப்போல் பின்வளவில் தோட்டம் செய்யும் ஒருவர்